வெளியேறும் வாயு: வினிகரும் சமையல் சோடாவும்

வினிகரைச் சமையல் சோடாவின் மீது ஊற்றியவுடன் பொங்கியெழும் நுரை, பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எரிமலை மாதிரிகளுக்கு ஆண்டுதோறும் பயன்படுவதால், மாணவர்கள் பலர் வேதியியல் என்ற பெயரில் நேரில் காணும் முதல் வினையாகவே அது அமைந்துவிட்டது. எளிதில் செய்துகாட்டக்கூடியது, நச்சு அற்றது, செலவும் மிகக் குறைவு என்பதால் ஆசிரியர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் உண்டாகும், உடன் ஒரு வாயுவும் வெளிப்படும்’ என்ற ஒரு வரி விளக்கத்தோடு அடுத்த பாடத்துக்கு நகர்ந்தும் விடுகிறார்கள். அந்த வரி பிழையானது அன்று. ஆயினும், வாயு வெளிப்படுவதை வினையின் துணை விளைவு போல அது காட்டிவிடுகிறது. உண்மையில் அந்த வாயு கரைசலை விட்டு வெளியேறுவதே வினையை முன்னோக்கி இழுத்து முடிவுவரை கொண்டு செல்கிறது என்பதையும், வினை ஏன் கலவையைக் குளிரச் செய்கிறது, எடைத்தட்டில் ஏன் வியப்பூட்டும் எண்களைக் காட்டுகிறது, வீட்டுத் தூய்மைக்கு ஏன் அவ்வளவாக உதவுவதில்லை ஆகிய கேள்விகள் அனைத்துக்கும் விடை அங்கிருந்தே தொடங்குகிறது என்பதையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது.

வினைபடும் இரு பொருள்கள்

வினிகர் என்பது பெரும்பகுதி நீரும், நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு அசிட்டிக் அமிலமும் கொண்ட கரைசலாகும். பழச்சாறு, கரும்புச்சாறு, கள் போன்றவற்றில் ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலை, அசிட்டோபாக்டர் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுவதால் இயற்கை வினிகர் கிடைக்கிறது. கடைகளில் செயற்கை வினிகர் என்று விற்கப்படும் நிறமற்ற நீர்மம், ஆலையில் தயாரான அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்து பெறப்படுவது. எவ்வழியில் வந்தாலும் இந்த வினையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

அசிட்டிக் அமிலம் ஒரு வலிமை குறைந்த அமிலம். நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியை, அதாவது தன் ஒரே எலக்ட்ரானை இழந்து வெறும் புரோட்டானாக நிற்கும் ஹைட்ரஜன் அணுவை, வெளிவிடுவது அமிலங்களின் இயல்பு. அவ்வாறு வெளிவிடும் போக்கு எவ்வளவு என்பதே அமிலத்தின் வலிமை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் முழுவதுமாகப் பிரிந்துவிட, ஐந்து விழுக்காட்டு வினிகரில் உள்ள அசிட்டிக் அமில மூலக்கூறுகளிலோ ஏறத்தாழ இருநூற்றில் ஒன்றுதான் எந்த ஒரு கணத்திலும் பிரிந்த நிலையில் இருக்கிறது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை என்றால், வினிகர் ஏறக்குறைய 2.4 என்ற இடத்தில் நிற்பதற்கு அந்தச் சிறுபான்மை மூலக்கூறுகளே போதுமானவையாக இருக்கின்றன.

ஆப்பச்சோடா என்றும் சோடா உப்பு என்றும் வீடுகளில் வழங்கும் சமையல் சோடாவின் வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் என்றும் பாடநூல்கள் குறிப்பிடும். அந்த வெண்பொடியின் படிகங்களில் நேர்மின்சுமை கொண்ட சோடியம் அயனிகளும் எதிர்மின்சுமை கொண்ட பைகார்பனேட் அயனிகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நீரில் இட்டால் இவை பிரிந்து தனித்தனியே உலவத் தொடங்குகின்றன. கரைசலின் பிஹெச் 8.3 அளவில் இருப்பதால் அது மிக மென்மையான காரத்தன்மை உடையது. சோடியம் அயனி இந்த வினையில் எந்தப் பங்கும் ஏற்காத பார்வையாளர் மட்டுமே. வினையில் ஈடுபடுவது பைகார்பனேட் அயனி ஒன்றுதான். நீர் இல்லாமல் அயனிகள் நகர இயலாது என்பதால், சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத் தூளையும் உலர்ந்த நிலையில் ஒன்றாகக் கலந்து மாதக்கணக்கில் புட்டியில் அடைத்துவைக்க முடிகிறது. செரிமானக் கோளாறுக்கு விற்கப்படும் பொங்கும் உப்புகள், தண்ணீரில் கொட்டிய பின்னரே பொங்குவதற்கும் இதுவே காரணம்.

முதற்படியும் இரண்டாம் படியும்

இரு பொருள்களும் நீரில் சந்தித்தவுடன் நிகழ்வது ஒரு புரோட்டான் கைமாற்றம். அசிட்டிக் அமிலம் தன் புரோட்டானை இழந்து அசிட்டேட் அயனியாகவும், அதைப் பெற்றுக்கொண்ட பைகார்பனேட் அயனி கார்பானிக் அமிலமாகவும் மாறுகின்றன. நிறமாற்றமோ ஓசையோ எதுவும் இல்லாத இந்தப் படி, கண்ணுக்குப் புலப்படாமலேயே நிகழ்ந்து முடிகிறது. இருநூற்றில் ஒன்றுதான் பிரிந்த நிலையில் இருக்கிறது என்பதால் வினை அந்த அளவோடு நின்றுவிடுவதும் இல்லை. பிரிந்த புரோட்டான்கள் செலவாகச் செலவாக, எஞ்சிய அமில மூலக்கூறுகள் அடுத்தடுத்துப் பிரிந்து அந்த இடத்தை நிரப்புவதால், போதுமான சோடா இருக்கும்வரை வினிகரிலுள்ள அமிலம் முழுவதும் வினைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அமிலத்தின் வலிமை வேறு, அதன் அளவு வேறு என்ற வேறுபாட்டை விளக்குவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வலிமை மிக்க அமிலம் வலிமை குறைந்த அமிலத்தை அதன் உப்பிலிருந்து வெளியேற்றுகிறது என்ற விதியைக் கொண்டு பாடநூல்கள் இந்தப் படியை விளக்குவது வழக்கம். அசிட்டிக் அமிலம் கார்பானிக் அமிலத்தைவிட ஏறத்தாழ 40 மடங்கு வலிமை மிக்கது என்று அட்டவணைகளும் காட்டுகின்றன. ஆனால் அட்டவணையில் உள்ள அந்த எண், நீரில் வெறுமனே கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு முழுவதையும் கார்பானிக் அமிலமாகவே கருதிக் கணக்கிடப்பட்டது. கார்பானிக் அமில மூலக்கூறை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது: அது அசிட்டிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வலிமை உடையது. அப்படியானால் புரோட்டான் கைமாற்றம் மட்டுமே நிகழ்ந்து, உண்டான கார்பானிக் அமிலம் அப்படியே கரைசலில் தங்கிவிடுமானால், வினை சிறிது தூரம் மட்டும் சென்று சமநிலையில் நின்றுவிட்டிருக்கும்.

அவ்வாறு நிற்காமல் இருப்பதற்குக் காரணம் இரண்டாம் படி. கார்பானிக் அமிலம் நீரில் நிலைத்திருக்க இயலாத மூலக்கூறு. உண்டான ஒரு நொடியின் சிறு பின்னத்துக்குள் அது நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைந்துவிடுகிறது. சமநிலையில் உள்ள கரைசலில், கரைந்த கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் பல நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் கார்பானிக் அமிலம் காணப்படும். உடைந்து விடுபட்ட கார்பன் டை ஆக்சைடும் கரைசலில் தங்குவதில்லை. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடைத்தான் கரைத்து வைத்திருக்கும் என்பதால், அதற்கு மேற்பட்டது குமிழிகளாகத் திரண்டு காற்றில் கலக்கிறது. இவ்வாறு விளைபொருள் ஓயாமல் அகற்றப்படுவதால் எதிர்த்திசையில் திரும்பும் வாய்ப்பை வினை இழக்கிறது. சமநிலையை எட்ட முடியாமல் முன்னோக்கியே சென்று முடிகிறது.

குமிழிகள் எங்கே தோன்றுகின்றன என்பதைக் கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டிலிருந்து உற்றுநோக்கினால் இன்னொரு செய்தியும் புலப்படும். சோடாப் பொடியைத் தூவும்போது, பொடியின் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் வாயு திரண்டு அத்துகளை மேலே தூக்கிச் செல்கிறது; துகள் மேற்பரப்பில் குமிழியை இழந்து மீண்டும் மூழ்கி, மறுபடியும் எழுகிறது. அதே சோடாவை முன்கூட்டியே நீரில் முழுவதும் கரைத்துவிட்டு ஊற்றினால், கலவை எங்கும் ஒரே நேரத்தில் வாயு உண்டானாலும், குமிழிகள் பெரும்பாலும் குவளையின் சுவரிலுள்ள நுண்ணிய கீறல்களிலும் தூசித் துகள்களிலுமே முளைக்கின்றன. நீர்மத்தின் நடுவே ஒரு குமிழி புதிதாகத் தோன்றுவதற்கு மேற்பரப்பு இழுவிசையை வெல்ல வேண்டியிருப்பதால், ஏதேனும் ஒரு பிடிமானம் அதற்குத் தேவைப்படுகிறது. எரிமலை மாதிரிகளில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைச் சில துளிகள் சேர்ப்பது வாயுவின் அளவைக் கூட்டுவதற்காக அன்று. வெளிவரும் வாயுவைச் சுற்றி உறுதியான நீர்ப்படலம் அமைந்து நுரை நெடுநேரம் நிலைப்பதற்காகவே.

இதே இரண்டாம் படி மனித உடலிலும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. திசுக்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதியை இரத்தம் பைகார்பனேட்டாகவே சுமந்து வருகிறது. நுரையீரலின் நுண்குழாய்களில் இரத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே தங்குவதால், அதற்குள் பைகார்பனேட்டு மீண்டும் வாயுவாகிவிட வேண்டும். இரத்தம் வினிகரைப் போல் அமிலத்தன்மை கொண்டதன்று. அதில் எந்த நேரத்திலும் கார்பானிக் அமிலம் மிகச் சிறிதளவே இருப்பதால், வினை தன் போக்கில் நடந்தால் அந்த அவகாசம் போதாது. சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இந்தக் குறையைத் தீர்க்கிறது. அதன் வேகம் மிக்க வகையின் ஒரு மூலக்கூறு, நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் முறை இந்த மாற்றத்தை நிகழ்த்த வல்லது.

எடைத்தட்டு சொல்லும் கணக்கு

வேதிவினையில் பொருள்கள் குறிப்பிட்ட நிறை விகிதத்திலேயே சேர்கின்றன. 84 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் 60 கிராம் அசிட்டிக் அமிலமும் வினைபுரிந்தால் 82 கிராம் சோடியம் அசிட்டேட்டு, 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 18 கிராம் நீர் ஆகியவை கிடைக்கும். இரு பக்கமும் கூட்டுத்தொகை 144. இதைச் சமையலறை அளவுக்குக் குறைத்தால், ஐந்து விழுக்காட்டு வினிகர் 100 கிராமில் உள்ள 5 கிராம் அமிலத்துக்கு 7 கிராம் சோடா, அதாவது தேக்கரண்டியால் ஒன்றரை அளவு, போதுமானது. அதிலிருந்து ஏறத்தாழ 3.7 கிராம் வாயு விடுபடும். அது அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 2 லிட்டர் இடத்தை அடைக்கும். அரைக் குவளை வினிகரிலிருந்து இருபது மடங்கு பருமனுள்ள வாயு கிடைக்கிறது என்பதே கண்காட்சி எரிமலையின் இரகசியம். 7 கிராமுக்கு மேல் எவ்வளவு சோடாவைக் கொட்டினாலும் வாயு கூடாது. மிகுதி அடியில் தங்கும், அல்லது கரைந்து நிற்கும்.

மின்னணு எடைத்தட்டின் மீது திறந்த குவளையை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால், நுரை அடங்கும்போது தட்டு காட்டும் எடை மூன்று கிராமுக்கு மேல் குறைந்திருக்கும். வாயு காற்றோடு போய்விட்டதே காரணம். புட்டியின் வாயில் பலூனைப் பொருத்தி வாயுவை முழுவதும் பிடித்துவைத்தால் எடை மாறக்கூடாது என்றுதான் நிறை அழியா விதியைக் கற்றவர்கள் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பலூன் ஊதிப் பெருத்ததும் தட்டு இரண்டு கிராமுக்கு மேல் குறைத்தே காட்டும். விதி பொய்த்துவிடவில்லை: விரிந்த பலூன் ஏறத்தாழ 2 லிட்டர் காற்றை இடம்பெயரச் செய்கிறது, இடம்பெயர்ந்த காற்றின் எடைக்குச் சமமான மிதப்பு விசை பலூனை மேல்நோக்கித் தள்ளுகிறது, லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் அது 2.4 கிராமுக்கு ஈடாகிறது. மூடிய அமைப்பின் நிறை மாறவில்லை, தட்டின் மீது அது அழுத்தும் விசை மட்டுமே மாறியது என்பதைப் புரிந்துகொள்ளும் மாணவர், நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை ஒருபோதும் மறக்கமாட்டார்.

குளிர்ந்தபடி நடக்கும் வினை

அமிலமும் காரமும் சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு; ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேரும்போது அப்படித்தான் நடக்கிறது. வினிகரிலும் சோடாவிலும் நடப்பது நேர்மாறு. மேலே கூறிய அளவுகளில் கலந்து, வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தால் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் வரை இறங்கும்; குவளையின் வெளிப்புறத்தைத் தொட்டாலே குளிர்ச்சி தெரியும். சோடாவின் படிகம் கரைவதற்கும், வாயு கரைசலிலிருந்து விடுபடுவதற்கும் ஆற்றல் தேவைப்படுவதால், 84 கிராம் சோடாவுக்கு ஏறத்தாழ 30 கிலோஜூல் வெப்பத்தை வினை தன் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இத்தகையவற்றை வெப்பம் கொள் வினைகள் என்பர்.

வெப்பத்தை வெளியிட்டு ஆற்றல் குறைந்த நிலைக்கு இறங்குவதே பொருள்களின் இயல்பு என்றால், வெப்பத்தை விழுங்கும் ஒரு வினை யாருடைய தூண்டுதலும் இன்றி எவ்வாறு தானாக நடக்கிறது? விடை என்ட்ரோபி என்ற கருத்தில் உள்ளது. துகள்களும் ஆற்றலும் எத்தனை வகைகளில் பரவி அமைய முடியும் என்பதை அளவிடுவது என்ட்ரோபி. படிகத்தில் இறுகிக் கிடந்த துகள்களிலிருந்து திசையெங்கும் பறந்து திரியும் வாயு மூலக்கூறுகள் உண்டாகும்போது அது பெருமளவு உயர்கிறது. வெப்பத்தை இழந்த சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி குறைவதைவிட, வாயு உண்டாவதால் கூடும் என்ட்ரோபி அதிகமாக இருப்பதால் வினை முன்னேறுகிறது. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும், அமில வலிமையின் வழியாகப் பார்த்தாலும் வெப்பத்தின் வழியாகப் பார்த்தாலும், வெளியேறும் வாயுவே இந்த வினையை நடத்துகிறது என்ற முடிவே கிடைக்கிறது.

வாயுவின் வரலாறு

இந்த வாயுவைச் சாதாரணக் காற்றிலிருந்து வேறான தனிப்பொருளாக முதன்முதலில் ஆராய்ந்து நிறுவியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1754-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்துக்காக அளித்த ஆய்வேட்டிலும், அதை விரித்து 1756-இல் வெளியிட்ட கட்டுரையிலும், வெள்ளை மக்னீசியா எனப்பட்ட மக்னீசியம் கார்பனேட்டைச் சூடாக்கினாலும் அதன் மீது அமிலத்தை ஊற்றினாலும் அது எடை இழப்பதையும், இழந்தது ஒரு வாயு என்பதையும் தராசின் துணையோடு அவர் காட்டினார். திடப்பொருளுக்குள் நிலைபெற்றுக் கிடந்து விடுபடுவதால் அதற்கு நிலைத்த காற்று என்று பெயரிட்ட அவர், தெளிந்த சுண்ணாம்பு நீரை அது பால்போல் கலங்கச் செய்வதையும் கண்டறிந்தார். இன்றும் பள்ளி ஆய்வகங்களில் கார்பன் டை ஆக்சைடை அடையாளம் காண அந்தச் சோதனையே கையாளப்படுகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மது வடிக்கும் ஆலை ஒன்றின் அருகே குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, சுண்ணக்கட்டியின் மீது கந்தக அமிலத்தை ஊற்றி இதே வாயுவைப் பெற்று நீரில் கரைக்கும் முறையை 1772-இல் வெளியிட்டதிலிருந்து சோடா நீரின் கதை தொடங்குகிறது. அது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம் என்பதை பிரான்சின் லவாய்சியே தெளிவுபடுத்தினார்.

சமையலறைக்குள் இந்த வினை வந்துசேர்ந்ததற்கு, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மருந்தாளர் ஆல்ஃபிரட் பேர்ட் முக்கியக் காரணம். ஈஸ்ட் சேர்த்த உணவு தம் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாததால், சோடாவையும் உலர்ந்த அமிலப் பொருளையும் கலந்து 1843-இல் அவர் உருவாக்கிய பொடியே பேக்கிங் பவுடரின் முன்னோடி. தமிழர் சமையலில் அமிலத்தைத் தனியே சேர்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. புளித்த ஆப்ப மாவிலும் தயிர் சேர்த்த ரவா இட்லி மாவிலும் உள்ள லாக்டிக் அமிலமே சோடாவோடு வினைபுரிந்து வாயுவைத் தருகிறது. புளிக்காத மாவில் சோடாவைச் சேர்த்தால் அடுப்பின் வெப்பம் ஒன்றே அதைச் சிதைக்கும். அப்போது இரண்டு பங்கு சோடாவிலிருந்து ஒரு பங்கு வாயு மட்டுமே கிடைப்பதோடு, மீதியாகும் சோடியம் கார்பனேட்டு பலகாரத்துக்குச் சோப்புச் சுவையையும் மஞ்சள் நிறத்தையும் தந்துவிடுகிறது.

அடைபட்ட அந்த வாயு சோடாவுக்குள் வந்த வழியும் அறியத்தக்கது. பெல்ஜியத்தின் எர்னெஸ்ட் சால்வே 1861-இல் உருவாக்கிய முறையில், அமோனியா கலந்த உப்புநீருக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் சோடியம் பைகார்பனேட்டு வீழ்படிவாகப் படிகிறது. அதைச் சூடாக்கினால் சலவைச் சோடாவின் மூலப்பொருளான சோடா சாம்பல் கிடைக்கிறது. வழக்கமாகச் சுண்ணாம்புக்கல்லை எரித்தே இதற்கான வாயு பெறப்படுகிறது. தூத்துக்குடியில் உள்ள சோடா சாம்பல் ஆலை ஒன்று, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து அதையே மூலப்பொருளாகப் பயன்படுத்தும் முறையை 2016-இல் தொடங்கி உலகின் கவனத்தைப் பெற்றது.

தூய்மைக்கு உதவுமா?

அடைபட்ட கழிவுநீர்க் குழாயையும் கறை படிந்த தரையையும் சுத்தம் செய்ய இவ்விரு பொருள்களையும் ஒன்றாகக் கலக்குமாறு கூறும் அறிவுரைகள் ஏராளம். வாயு வெளியேறிய பின் குவளையில் எஞ்சுவது எது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த அறிவுரையின் மதிப்பு விளங்கும். சரியான அளவில் கலந்திருந்தால், மீதி நிற்பது நூற்றுக்கு ஏழு பங்குக்கும் குறைவான சோடியம் அசிட்டேட்டு கரைந்த நீர் மட்டுமே. அதை ஆவியாக்கினால் வெண்படிகங்கள் கிடைக்கும். அதே உப்பின் அடர்கரைசல், அழுத்தியவுடன் சூடாகும் ஒத்தடப் பைகளில் பயன்படுகிறது. ஆனால் கறையைப் பொறுத்தவரை அதில் அமிலமும் இல்லை, சொல்லத்தக்க காரமும் இல்லை. குமிழிகளின் அசைவால் தளர்ந்த அழுக்கு சற்றே பெயரக்கூடும். வேதியியல் உதவி அதோடு முடிந்துவிடுகிறது.

பிரித்துப் பயன்படுத்தினால் இரண்டும் நன்கு உதவும். ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாய்களிலும் வாளிகளிலும் படியும் வெள்ளை உப்புக்கறையின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு என்பதால், வினிகரில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும்; எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுக்கவும் புளித்த நாற்றத்தைப் போக்கவும் ஈரச் சோடாப் பொடி ஏற்றது. கலவையை ஒருபோதும் புட்டியில் அடைத்து மூடக்கூடாது: அரை லிட்டர் வினிகரும் 35 கிராம் சோடாவும் ஒரு லிட்டர் புட்டிக்குள் அடைபட்டால், அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்குக்கு உயரும், கண்ணாடிப் புட்டி சிதறிவிடும். வினிகரோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பது அதைவிடக் கொடிய தவறு, ஏனெனில் அதிலிருந்து வருவது தீங்கற்ற கார்பன் டை ஆக்சைடு அன்று, நுரையீரலை அரிக்கும் குளோரின். ஆகவே கறையைப் போக்க வேண்டியவர்கள் வினிகரையும் சோடாவையும் தனித்தனியே பயன்படுத்துவதே முறை. இரண்டையும் ஒன்றாகக் கலப்பதை, எடைத்தட்டும் வெப்பமானியும் அருகில் இருக்கும் வகுப்பறைக்கு விட்டுவிடலாம்.